கேட்டவர் கைக்கு விடை சேரும் வழி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கப்பல்துறை என்றோர் ஊர் உண்டு. கப்பல் வந்து தங்குமிடம் என்பதே அப்பெயரின் பொருள். அத்துறைமுகத்தின் சீனக்குடாப் பகுதியிலுள்ள பிறீமா மாவு ஆலைக்குக் கோதுமையேற்றிய கப்பல்கள் வருகின்றன. கப்பலின் வயிற்றிலுள்ள தானியம் முழுவதும் ஒரே தூக்கிற் கரையேறுவதில்லை; சிறிது சிறிதாக இடையறாது சென்று குதிர்களிற் சேர்கிறது. குதிரில் இடமில்லையாயின் இறக்குவோர் காத்திருக்க வேண்டியதே. கணினியிலுள்ள தரவுத்தளம், தன்னை வினவியவருக்கு விடையனுப்பும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே ஆகும்.

உலகெங்கும் வழங்கும் தரவுத்தளங்களுள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பது ஒன்று. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியர் 1986 ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது; 1996 இல் இப்பெயர் பெற்றது. அதன் உள்ளமைப்பு யாவரும் படித்தறியத் திறந்து கிடக்கிறது.

அதனுள்ளே விடையைத் தேடியெடுக்கும் பகுதி வேறு. அதனைப் பெற்று அனுப்பும் பகுதி வேறு. தேடுகின்ற பகுதி ஒரு நிரையைக் கண்டெடுத்தவுடன் பெறுவானின் கையிற் கொடுத்துவிட்டு அடுத்த நிரையை நாடிச் செல்லும். அந்நிரை தொலைவிலுள்ள கணினிக்குப் போகிறதா, வேறோர் அட்டவணையில் எழுதப்படுகிறதா என்பது அதற்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. நல்ல வேலைப் பிரிவினை எனலாம்.

கணினிக்குச் செல்லும் ஒவ்வொரு நிரையும் 'டி' என்ற எழுத்தைத் தலையிலே தாங்கிச் செல்லும். பின்னர் நீளமும், நிரல்களின் தொகையும், ஒவ்வொரு நிரலின் நீளமும் உள்ளுறையும் வரும். விவரமே இல்லாத இடத்தில் நீளம் −1 எனக் குறிக்கப்படும். விவரம் உண்டு, ஆனால் அது வெறுமை என்றால் 0. பரீட்சைக்கு வராத மாணவனையும், வந்து சூனியம் பெற்றவனையும் ஒன்றாக எண்ணாத ஆசிரியரின் நுட்பம் இது.

நிரைகள் உடனே கம்பி வழி ஓடிவிடுவதில்லை. 8,192 பைற் அளவுள்ள ஓர் இடைக்கொள்கலத்திற் சேர்ந்து, அது நிறைந்ததும் புறப்படும். பெறுகின்ற கணினி மந்தமாயின் வழியெல்லாம் நிறைந்து, அனுப்பும் இயந்திரமும் நின்றுவிடும். அவ்வாறு நிற்பது அடுத்தவர்க்கும் இடர். அவ்வினவல் முடியும்வரை, அது தொடங்கிய வேளையில் இருந்த பழைய பதிவுகளை நீக்கித் துப்புரவு செய்ய இயலாது. தரவுத்தளம் மந்தம் என்று பழிக்கப்படும்போது, அது உண்மையிலே பெறுபவருக்காகக் காத்துநிற்பதும் உண்டு.

இனி, இவற்றினும் பெரியதொரு சிக்கலைக் காண்போம். வரிசைப்படுத்திக் கேட்டாலன்றி, வேலை முடியுமுன்பே விடையின் முற்பகுதி புறப்பட்டுவிடுவது வழக்கம். ஓர் அலுவலகத்து எழுதுவினைஞர், உதவிப்பணம் பெறும் 10,000 குடும்பங்களுக்குத் தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடுமாறு கேட்டார் எனக் கொள்வோம். 6,000 ஆவது குடும்பத்தின் உறுப்பினர் தொகை தவறுதலாகச் சூனியம் எனப் பதிவாகியுள்ளது. சூனியத்தால் வகுத்தல் இயலாதாகையால் வேலை அங்கே முறிந்துவிடும். அதற்குள் ஆயிரக்கணக்கான நிரைகள் போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றைத் திரும்ப அழைக்க வழியில்லை. 'ஈ' என்ற எழுத்தோடு பிழைச் செய்தி ஒன்றையே அனுப்ப முடியும். பிழையின்றி முடிந்திருந்தால், 'சீ' என்ற எழுத்தோடு, மொத்த நிரைகள் இத்தனை என்னும் செய்தி வந்திருக்கும்.

பெறும் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் லிப்பிகியூ என்ற மென்பொருட் பகுதி, நிரைகள் முழுவதையும் சேர்த்து வைத்திருந்து, பிழை வந்தால் அவற்றை எறிந்துவிட்டுப் பிழையை மட்டும் அறிவிக்கும். பெரும் பட்டியல்கள் நினைவகத்தை நிரப்பிவிடுவதால், ஒவ்வொரு நிரையாகப் பெறும் முறையும் 2012 இல் வெளிவந்த 9.2 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. நினைவகம் மிஞ்சும், ஆனால் இறுதிச் செய்தி வரும்வரை கைக்கு வந்தவை யாவும் உறுதிப்படாதவையே. நிரை வந்தவுடன் காசோலையை அச்சிடும்படி ஒருவர் நிரல் எழுதியிருந்தால், பிழைச் செய்தி வந்து சேரும்போது ஆறாயிரம் காசோலைகள் வரை மேசைமேற் கிடக்கும்.