வண்டியைப் பார்க்கும் முன்னே பேப்பரைப் பாருங்க

(வத்தலக்குண்டில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



சவ்சவ், பீன்ஸ், வாழைத்தார் எல்லாம் மலையிலிருந்து நம்ம வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு இறக்க, வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகலை. அதனால ரெண்டு மூணு குழு சேர்ந்து பழைய ‘குட்டியானை’ வாங்கலாம்னு பேச்சு வந்திருக்கு. நல்ல யோசனைதான். ஆனா இது குழுக் கடன். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்டியாகணும்.

முதல்ல ஆர்.சி. புத்தகம். விற்கிறவர் பேரும் அதில் உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். “நான் இன்னொருத்தர்கிட்ட வாங்கினது, கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு, எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்று சொன்னால் அந்த வண்டியை விட்டுடுங்க. ஒரு வழக்கு சொல்றேன். பல கை மாறிய ஒரு கார், 2009இல் விபத்தில் மாட்டியது. ஆர்.சி.யில் முதல் ஆள் பேர்தான் இருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பேர் இருக்கோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர்தான் கொடுக்கணும் என்று தீர்ப்புச் சொன்னது. வண்டியை விற்றுக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆகியும் அவர் தப்ப முடியலை! நாளைக்கு நாம விற்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

உரிமையாளர் இறந்து போயிருந்தால், வாரிசு படிவம் 31 கொடுத்து முதலில் தன் பேருக்கு மாற்றட்டும். அப்புறம் நாம வாங்கலாம்.

அடுத்து, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் ஏறியிருக்கா பாருங்க. கடன் முடிஞ்சிருச்சுன்னு வாயால சொன்னா போதாது. என்.ஓ.சி.யும் படிவம் 35உம் கொடுத்து ஆர்.டி.ஓ. ஆபீசில் அந்தப் பேரை நீக்கியிருக்கணும். இல்லாட்டி ஃபைனான்ஸ்காரர் வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போனா நாம யாரைக் கேட்கிறது?

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ‘எம் பரிவாகன்’ செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை இருக்குன்னு வரும். பிள்ளைகளைக் கேட்டா ரெண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாங்க. போலீஸ் அபராதம் பாக்கி இருக்கான்னும் பாருங்க. சரக்கு வண்டிக்கு எட்டு வயசு வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதுக்கு மேலே வருஷா வருஷம். எஃப்.சி. முடியப் போகிற நேரத்தில்தான் நிறைய பேர் வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க. அந்த வேலைச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

வண்டிகிட்ட போனதும் சேஸிஸ் நம்பர் மேலே ஒரு தாளை வச்சுப் பென்சிலால் தேய்ங்க. விழுகிற எழுத்து ஆர்.சி.யில் உள்ளதோடு சரியா இருக்கணும். எழுத்து கோணலா இருந்தாலோ, சுரண்டின மாதிரி இருந்தாலோ பேச்சே வேண்டாம். டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் மலைக்கு ஆகாது.

தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு, கொஞ்சம் பாரம் ஏற்றி, காட் ரோட்டில் ஏறி இறங்கிப் பாருங்க. சமதளத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பிரேக் மிதி மெத்துன்னு கீழே போகுதா, இறங்கி நின்னதும் சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை வருதா, பட்டையில் வெல்டிங் வச்சிருக்கா எல்லாம் அங்கேதான் தெரியும். இதுக்குச் சம்மதிக்காத ஆள்கிட்ட வாங்க வேண்டாம்.

பணத்தை ஒரேயடியாக் கொடுக்காதீங்க. ஒரு பகுதியை ஆர்.சி. மாறுற வரை நிறுத்தி வைங்க. வண்டியை எடுக்கிற தேதியும் நேரமும் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. படிவம் 29, 30 வச்சு, விற்கிறவர் 14 நாளுக்குள்ளும் நாம 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்கணும். இன்சூரன்ஸ் மாற்றவும் 14 நாள்தான்.

இன்னொண்ணு. சரக்கு வண்டியாப் பதிவான வண்டியில், நூறு நாள் வேலைக்கோ கோயிலுக்கோ பின்னாடி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுடும்.

கடைசியா, யார் பேரில் வண்டி? குழுப் பணத்தில் வாங்கி, ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் பேரில் எழுதினால் சட்டப்படி வண்டி அவருடையது. உறுப்பினர் பேரிலேயே வாங்கினாலும், விபத்துன்னா அந்த ஒரு பெண்தான் கோர்ட்டுக்குப் போகணும். அதனால வரவு யாருக்கு, செலவு யாருக்கு, வழக்கு வந்தா எல்லா உறுப்பினரும் எப்படிப் பங்கு போடுறதுன்னு வாங்கும் முன்னாடியே தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்க. வண்டி பார்த்து வச்சிருக்கிற குழுக்காரங்க அடுத்த கூட்டத்துக்கு நம்பரைக் குறிச்சுக்கிட்டு வாங்க. இங்கேயே போனில் போட்டுப் பார்த்துடலாம்.