முன்னோட்டத்தில் நம் முகம்



மராத்தி இயக்குநர் நாகராஜ் மஞ்சுளே மாணவராயிருந்த காலத்தில் எடுத்த ‘பிஸ்துல்யா’ குறும்படம் தேசிய விருது பெற்றது. இன்று நம் பிள்ளைகளும் படம் எடுக்கின்றனர், மகிழ்கின்றோம். ஆனால் படத்தைக் காணாது, அதன் அரை நிமிட முன்னோட்டத்தையும் சுவரொட்டியையும் மட்டுமே கண்டு செல்வோர் பலர். அவர்களுக்கு எந்த முகத்தைக் காட்டப் போகிறோம்? குடிசையும் கண்ணீரும் எளிதில் கிடைக்கும். பிறர் நம்மை அவ்வாறே காட்டிப் பழகிவிட்டனர். கரும்பலகையில் கணக்குப் போடும் சிறுமியின் விரல்களை ஐந்து நொடி காட்டுவோம். விடை எழுதுமுன் காட்சியை வெட்டிவிடுவோம். விடையைக் காணவேனும் மக்கள் படத்திற்கு வருவர். சுவரொட்டியில் விளக்குப் பிடித்த பையனின் பெயரும் இடம்பெறல் வேண்டும். அதை முதலில் நம் தெருவில் ஒட்டுவோம். நடித்தவர்கள் பார்த்து ஒப்பிய பின்னரே நகருக்கு அனுப்புவோம்.