அடைப்பின்றியும் குடல் அடைபடும்



குடலில் தடை ஏதும் இல்லாதபோதும், அடைப்பு நேர்ந்தது போன்றே துன்புறுத்தும் நோய் ஒன்றைப் பற்றி இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றோம்.

பெருங்குடல் வெறும் குழாயன்று. நரம்புகளின் ஏவலால் அதன் தசைகள் அலையலையாகச் சுருங்கி, கழிவையும் காற்றையும் வெளியே தள்ளுகின்றன. கட்டியோ குடல் முறுக்கோ வழியை மறித்தால் அஃது உண்மையான அடைப்பு. வழி திறந்திருந்தும் நரம்புகளின் ஏவல் தடைப்பட்டுக் குடல் அசைவற்றுப்போனால், அது போலி அடைப்பு. 1948-ஆம் ஆண்டில் இதனை விவரித்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் சர் ஹெனேஜ் ஓகில்வியின் பெயரால் இது வழங்கப்படுகின்றது.

இந்நோய் பெரும்பாலும் முதியோரையும், வேறு நோயால் படுக்கையில் கிடப்போரையும் தாக்குகின்றது. இடுப்பெலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, சிசேரியன் பிரசவம், கடும் நுரையீரல் அழற்சி ஆகியவற்றைத் தொடர்ந்து வரலாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைவதும், வலி தணிக்கும் அபினி வகை மருந்துகளும் இதற்குத் துணைபோகின்றன.

வயிறு முரசுபோல் உப்பும். வலியும் குமட்டலும் தோன்றும். மலமும் காற்றும் தடைப்படும். சிலருக்குச் சிறிது மலம் கழியவும் கூடும். அதைக் கண்டு ஆபத்து நீங்கியதென எண்ணலாகாது.

இந்நிலையில் வீட்டில் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்தல் கூடாது. வயிற்றை அழுத்தி நீவுதலும் ஆகாது. உண்மை அடைப்பா, போலி அடைப்பா என்பதைக் கையால் தொட்டறிய இயலாது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தே தெளிய வேண்டும். பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டால், அது கிழியும் அபாயம் மிகுகின்றது. கிழிந்தால் உயிருக்கே கேடு.

உரிய காலத்தில் சென்றால் அஞ்ச வேண்டுவதில்லை. வாய்வழி உணவை நிறுத்தி, நாளத்தின் வழியே நீரேற்றி, உப்புச் சத்துகளைச் சீராக்கினாலே பலர் குணமடைகின்றனர். தணியாவிடில் நியோஸ்டிக்மின் என்னும் ஊசி மருந்தை, இதயத் துடிப்பைக் கண்காணித்தவாறே செலுத்துவர். 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், இம்மருந்தைப் பெற்ற 11 பேருள் 10 பேருக்கு உப்பல் விரைவில் தணிந்தது. உள்நோக்கிக் குழாய் வழியே காற்றை வெளியேற்றுவதும் உண்டு. அறுவைச் சிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

ஆகவே, வீட்டிலுள்ள முதியவர்க்கோ பிள்ளை பெற்ற தாய்க்கோ வயிறு உப்பிக்கொண்டே வந்தால், 'பால் வெட்டி முடித்து வந்து பார்ப்போம்' என்று காத்திராதீர்கள். 999-ஐ அழைத்தேனும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இழந்த ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டலாம். இழந்த உயிரை ஈட்ட இயலாது.