ராம்கர் முகாம்: தோழமையும் அதன் விலையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

ராம்கர் என்ற பெயர் விடுதலைப் போராட்ட வரலாற்றைப் பயின்றவர்களுக்குப் புதிதல்ல. 1940 மார்ச்சில் மௌலானா ஆசாத் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடிய ஊர் அது. அதே நாட்களில் சுபாஷ் சந்திர போஸ் சமரச எதிர்ப்பு மாநாட்டை நடத்தியதும் அங்கேதான். அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள அந்தச் சிற்றூருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. இரண்டே ஆண்டுகளில் அது சீனப் படைவீரர்களும் அமெரிக்கப் பயிற்சியாளர்களும் சேர்ந்து வாழ்ந்த ராணுவ முகாமாக மாறியது.

1942இல் ஜப்பானிய ராணுவம் பர்மாவைக் கைப்பற்றியது. சீனாவுக்குத் தளவாடங்கள் சென்றுகொண்டிருந்த பர்மா சாலை துண்டிக்கப்பட்டது. அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் சிறு குழுவுடன் காடுகளின் வழியே நடந்தே இம்பால் வந்து சேர்ந்தார். சுன் லிஜென் தலைமையிலான 38ஆவது டிவிஷன் கட்டுக்குலையாமல் இந்தியாவுக்குள் பின்வாங்கியது. 22ஆவது டிவிஷனோ மழைக்காலத்தில் வடபர்மாக் காடுகளில் சிக்கிப் பசிக்கும் மலேரியாவுக்கும் பலரைப் பறிகொடுத்த பிறகே அசாமை எட்டியது. எஞ்சியவர்கள் ராம்கருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இத்தாலியப் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்த அந்த முகாமில் ஆகஸ்ட் மாத இறுதியில் பயிற்சி தொடங்கியது.

அந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். 1942 ஆகஸ்ட் 9 அன்றுதான் காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். பாசிசத்தை முறியடிக்க ஒரு படையைத் தயாரிக்க இடமளித்த அதே அரசு, விடுதலை கேட்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. சோவியத் யூனியன் தாக்கப்பட்டதும் போரின் தன்மை மாறியது. ஆனால் காலனி ஆட்சியின் தன்மை மாறவில்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏந்தி நிற்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைக் கட்சியின் வரலாறே அறியும்.

ராம்கரில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. முகாமும் உணவும் ஊதியமும் பிரிட்டிஷ் தரப்பின் பொறுப்பு. ஆயுதமும் பயிற்சியும் அமெரிக்கப் பொறுப்பு. போரிடும் மனிதர்கள் சீனர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். சியாங் கை ஷேக்கின் ராணுவத்தில் ஆள்சேர்ப்பு என்பது பெரும்பாலும் பலவந்தமாகப் பிடித்துச் செல்வதே. குன்மிங்குக்குத் தளவாடங்களைக் கொண்டுசென்ற விமானங்கள் திரும்பும்போது இவர்களை ஏற்றிக்கொண்டு இமயத்தின் கிழக்குத் தொடரைக் கடந்து வந்தன.

முகாமில் அவர்களுக்கு வயிறார உணவு, மருத்துவம், தடுப்பூசி, காலணி, நவீன ஆயுதம் ஆகியன கிடைத்தன. பயிற்சி மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகவும் செய்துகாட்டியும் நடந்தது. ஊதியம் பற்றி எழுந்த சச்சரவு வர்க்கப் பார்வையுடன் கவனிக்கத்தக்கது. மொத்தத் தொகையைத் தளபதிகள் பெற்றுப் பகிர்வதே கோமிந்தாங் ராணுவத்தின் வழக்கம்; வீரனின் பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு வீரனின் கையிலும் நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்பதில் ஸ்டில்வெல் உறுதியாக நின்றார். சீனத் தளபதிகளுக்கு அது கசந்தது. போர் முடிவதற்குள் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் அங்கே பயிற்சி பெற்றனர்.

கோழைகள் என்று இகழப்பட்ட அதே விவசாயிகள், உணவும் ஆயுதமும் கிடைத்தபோது வடபர்மாவில் ஜப்பானியரை முறியடித்தனர். 1944 மே 17 அன்று அமெரிக்கரும் சீனரும் சேர்ந்து மிச்சினா விமானத்தளத்தைப் பிடித்தனர். நகரம் வீழ ஆகஸ்ட் ஆயிற்று. பின்னாலேயே லெடோ சாலை நீண்டது. அசாமின் லெடோவிலிருந்து 1942 டிசம்பரில் தொடங்கிய அச்சாலை வழியே முதல் வாகன அணி 1945 பிப்ரவரி 4 அன்று குன்மிங்கை அடைந்தது. அதை அமைத்த அமெரிக்கப் படையினரில் பெரும்பான்மையோர் கருப்பினத்தவர். ஜனநாயகத்துக்காகப் போரிட்ட ராணுவம் அவர்களைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கியே வைத்திருந்தது. அவர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் மண்சரிவிலும் காய்ச்சலிலும் உழைத்தனர். தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போர்ப்பணிகளுக்கு அனுப்பப்பட்டனர். போர்ச் செலவுக்காக அச்சிடப்பட்ட ரூபாய் நோட்டுகள் விலைவாசியை ஏற்றின. 1943இல் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது.

சீனாவுக்குள் நிலைமை வேறு. சியாங் தமது படைகளில் ஒரு பகுதியை ஜப்பானை எதிர்க்க அனுப்பாமல் யெனானைச் சுற்றி நிறுத்தியிருந்தார். டாக்டர் கோட்னிஸ் உயிர்நீத்த விடுவிக்கப்பட்ட பகுதிகள் மருந்துகூட எட்டாத முற்றுகையில் இருந்தன. 1944 ஜூலையில் கர்னல் பாரெட் தலைமையில் அமெரிக்கப் பார்வையாளர் குழு யெனான் சென்றது. அங்கே மக்களோடு ஒன்றிய, கட்டுப்பாடான ராணுவத்தைக் கண்டதாக ஜான் சர்வீஸ் போன்ற அதிகாரிகள் அறிக்கை அனுப்பினர். வாஷிங்டன் செவிசாய்க்கவில்லை. அக்டோபரில் சியாங்கின் வற்புறுத்தலால் ஸ்டில்வெல் திருப்பி அழைக்கப்பட்டார். உண்மையை எழுதிய சர்வீஸ் 1951இல் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

இறுதி அத்தியாயமே கொடியது. ராம்கரில் உருவான 38ஆவது, 22ஆவது டிவிஷன்கள் இடம்பெற்ற புதிய முதலாவது, புதிய ஆறாவது ராணுவங்கள், போருக்குப் பின் அமெரிக்க உதவியுடன் மஞ்சூரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சொந்த நாட்டு விவசாயிகளுக்கு எதிராக நிறுத்தப்பட்டன. நிலம் பெற்ற விவசாயிகளின் படை 1948இல் அவற்றை முறியடித்தது. பாசிசத்துக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட ஆயுதம் புரட்சிக்கு எதிராகத் திரும்பியதும் பயனற்றுப் போயிற்று.

தோழர்களே, ராம்கரில் ஒரே முகாமில் வாழ்ந்து, பர்மாக் காடுகளில் அருகருகே மடிந்த சாதாரண வீரர்களின் தோழமை போலியல்ல. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தவர்கள் வேறு. 2016இல் அமெரிக்காவுடன் கையெழுத்தான ராணுவத் தளவாட ஒப்பந்தத்தின் மூலம் இந்தியத் தளங்களில் அமெரிக்கப் படைகள் எரிபொருளும் பராமரிப்பும் பெற வழி திறக்கப்பட்டுள்ளது. இம்முறை சுட்டிக்காட்டப்படும் எதிரி, அன்று அதே அமெரிக்கா தோளோடு தோள் நின்ற சீனா. நட்பு அரசுகளால் அறிவிக்கப்படும்போது, யாருக்காக, யாருக்கு எதிராக, யாருடைய செலவில் என்று கேட்பது உழைக்கும் மக்களின் கடமை. ராம்கரில் மண்ணுக்கடியில் உறங்கும் சீன வீரர்களின் கல்லறைகள் அக்கேள்வியை இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கின்றன.