பீரங்கி விற்க வருகிறவர்கள்

பாளையம்பட்டியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பீரங்கி வியாபாரத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அருப்புக்கோட்டையை ஒட்டிய எங்கள் ஊரும், கிழக்கே திருச்சுழி வரையிலான ஊர்களும் மழையை நம்பிய பூமி. மழை பொய்த்த ஆண்டில் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அத்தகைய ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் சிலர் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவார்கள். என்னிடம் கணக்குப் படித்த ஒருவர் பீரங்கிப் படையில் பதினேழு ஆண்டு பணியாற்றி ஊர் திரும்பியிருக்கிறார். அவர் கையில் கொடுக்கப்பட்ட கருவி எவரிடமிருந்து, எந்த விதியின்படி, எவருடைய கையொப்பத்தோடு வாங்கப்பட்டது என்னும் கேள்வி எனக்கு அயலான கேள்வியன்று.

கண்மாய் மடையைப் பழுது பார்ப்பதற்கு டெண்டர் விடுவதைக் கிராமத்தார் எல்லோரும் அறிவார்கள். டேவணித் தொகை கட்ட வேண்டும். விலையை எழுதி உறையில் இட்டு முத்திரை வைக்க வேண்டும். குறித்த நாளில் எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரிக்க வேண்டும். பீரங்கி வாங்குவதற்கும் அடிப்படை இதுதான். ஆனால் மடையில் சிமெண்டு குறைந்தால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். பீரங்கியின் குறை யுத்த களத்தில்தான் தெரியும். ஆகையால் அங்கே விதிகள் அதிகம். முதலில் இன்ன கருவி தேவை என்று பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் உள்ள கொள்முதல் சபை ஏற்க வேண்டும். பிறகு கம்பெனிகளிடமிருந்து தொழில்நுட்பத்துக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று இரண்டு உறைகள் வாங்குகிறார்கள். தொழில்நுட்ப உறையில் தேறியவர்கள் தங்கள் கருவியைத் தங்கள் சொந்தச் செலவிலேயே இங்கே கொண்டுவந்து, ராஜஸ்தானத்துப் பாலைவன வெயிலிலும் லடாக்கின் உறைபனியிலும் இயக்கிக் காட்ட வேண்டும். அரசாங்கம் அதற்கு ஒரு காசும் கொடுப்பதில்லை; வாங்குவதாக வாக்கும் கொடுப்பதில்லை. அதிலும் தேறியவர்களுடைய விலை உறைகளை மட்டுமே பிரிப்பார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனியோடு செய்துகொண்ட எல்லா ஏற்பாடும் கெட்டுப்போனது என்று நான் சொல்லவில்லை. 1961-இல் இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, 1965-இல் ஆவடியில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. நம் தொழிலாளர்கள் டாங்கி கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் நல்லபடியாக நடந்த காரியம் விதிநூலில் தடம் பதிப்பதில்லை. கெட்டுப்போன காரியங்கள்தாம் ஒவ்வொன்றும் ஒரு விதியைப் பெற்றுவிட்டுப் போகின்றன.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே அப்படி ஒன்று நடந்தது. 1948-இல் இலண்டனில் இருந்த நம் ஹை கமிஷனர் வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையை விட்டுவிட்டு, ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் 80 லட்ச ரூபாய்க்கு ராணுவ ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அனந்தசயனம் அய்யங்காரின் தலைமையில் அமைந்த குழு மேலும் விசாரிக்கச் சொன்னது. ஆயினும் 1955 செப்டம்பரில் அரசாங்கம் அந்த விவகாரத்தை முடித்துவிட்டதாக அறிவித்தது. மேனன் தமக்கென்று பணம் எடுத்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. நடைமுறையை மீறுவதற்கு லஞ்சம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அவசரமும் போதும்.

அடுத்து வருவது போபர்ஸ். அந்தப் பெயரை அறியாத தமிழர் இரார். 1986 மார்ச் 24-ஆம் நாள், சுவீடன் தேசத்துப் போபர்ஸ் கம்பெனியிடம் 410 பீரங்கிகளுக்கு ஏறத்தாழ 1,437 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ராணுவ வியாபாரத்தில் தரகர் எவரும் கூடாது என்பது அப்போது அரசாங்கத்தின் கொள்கை. ஓராண்டு கழித்து, 1987 ஏப்ரல் 16-இல், சுவீடன் வானொலி ஒரு செய்தியை வெளியிட்டது: இந்த ஒப்பந்தத்துக்காக இரகசியமாகப் பணம் கைமாறியிருக்கிறது! வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு. மறு ஆண்டு சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழில், சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் அதன் ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். பார்லிமெண்டுக் குழு விசாரித்தது. கணக்குத் தணிக்கையாளரும் அறிக்கை கொடுத்தார். 1989 தேர்தலில் ஆட்சியே மாறிற்று. கடைசியில் 2004-லும் 2005-லும் டில்லி உயர் நீதிமன்றம் முக்கியமான குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டது. பீரங்கி விஷயம் என்னவாயிற்று? 1999-இல் கார்கில் மலைகளில் அதே பீரங்கிதான் நம் படைக்குப் பெருந்துணையாக நின்றது. என் பழைய மாணாக்கர் அதைப் பற்றிப் பேசும்போது, தன் உழவுமாட்டைப் பற்றிப் பேசும் சம்சாரியின் முகம் அவருக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அரசாங்கத்தின் பழைய வழக்கத்தோடு கருத்து வேற்றுமை உண்டு. ஊழல் என்ற சொல் கிளம்பியவுடனே கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவது அந்த வழக்கம். கேட்பதற்குத் தண்டனையாக இருக்கிறது. தண்டனை யாருக்கு? போபர்ஸுக்குப் பிறகு 155 மில்லிமீட்டர் புதிய பீரங்கிக்கு நம் அரசாங்கம் வெளிநாட்டோடு மறுபடி கையெழுத்திட்டது 2016 நவம்பரில். முப்பது ஆண்டுகள்! இடையில் தென் ஆப்பிரிக்காவின் டெனெல் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தங்கள் 2005-இல் நின்றன. சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று உட்பட ஆறு கம்பெனிகள் 2012-இல் பத்தாண்டுக்கு விலக்கப்பட்டன. 1986-இல் பட்டாளத்தில் சேர்ந்த சிப்பாய் ஓய்வு பெற்று, அவர் மகனும் சேர்ந்துவிட்டார். கருவி மட்டும் அதே கருவி.

நீர்மூழ்கிக் கப்பலின் கதையும் இதுவே. 1981-இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. கம்பெனியோடு நான்கு கப்பல்களுக்கு ஒப்பந்தம். இரண்டு அங்கே, இரண்டு நம் பம்பாய் மசகான் தளத்தில். 1987-இல் கமிஷன் கொடுக்கப்பட்டதாகப் பேச்சு எழுந்தது. மேற்கொண்டு கப்பல் வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. மசகானில் கட்டிய இரண்டாவது கப்பல் 1994-இல் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த ஒப்பந்தம், பிரெஞ்சுக் கப்பல்களுக்கானது, 2005-இல்தான் வந்தது. நடுவில் பதினோரு ஆண்டுகள். எங்கள் அருப்புக்கோட்டையில் தறியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: தறி நின்றால் நூல் மட்டும் அறுவதில்லை, நெய்கிறவன் கையும் மறந்துபோகிறது.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். தரகர் கூடாது என்று சொல்லிவிட்டால் தரகர் இல்லாமற் போய்விடுவாரா? வேறு பெயர் பூண்டு, வேறு தேசத்தில் கணக்கு வைத்துக்கொண்டு வருவார். 2001-இல் அரசாங்கம் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டு, ஏஜெண்டுகள் தங்களைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறந்தது. பதிவு செய்ய முன்வந்தவர் அரிது. பிரேசிலின் எம்ப்ரேயர் கம்பெனியைப் பாருங்கள். வானிலிருந்து கண்காணிக்கும் ரேடார் பொருத்துவதற்காக அவர்களிடம் 2008-இல் மூன்று விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. விலை 20 கோடி டாலருக்குச் சற்று அதிகம். அதற்காக ஒரு தரகருக்கு 57 லட்சம் டாலருக்கு மேல், பொய்யான ஒப்பந்தத்தின் பெயரில் கொடுத்து, கணக்குப் புத்தகத்திலும் பொய்யாக எழுதிவைத்தார்கள். இதைப் பிடித்தவர்கள் நாமல்லர், அமெரிக்கர்கள். இந்தியா உட்படப் பல நாட்டு விவகாரங்களுக்காக அந்தக் கம்பெனி 2016-இல் 20 கோடி டாலருக்கு மேல் செலுத்தித் தீர்த்துக்கொண்டது.

பிரேசில் கம்பெனிக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன, அது போதும். லாக்ஹீட் விமானக் கம்பெனி பல தேசங்களில் லஞ்சம் கொடுத்தது வெளியாகி, ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா 1976-இல் கைதானார். அதன் பின்னர் 1977-இல் அமெரிக்கா, அயல்நாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதைத் தன் நாட்டிலேயே குற்றமாக்கியது. இங்கிலாந்து 2010-இல் இன்னும் கடுமையான சட்டம் இயற்றியது. ஆகவே ராணுவ வியாபாரத்துக்கு நம் நாட்டுக்கு வருகிற வெளிநாட்டுக் கம்பெனி, நம் சட்டம் ஒன்றை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதாது. தன் வீட்டுச் சட்டமும் அதன் கூடவே கப்பலேறி வருகிறது.

நம் சட்டத்தையும் குறைவாக எண்ணக் கூடாது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. அதன் 9-ஆம் பிரிவு, வியாபார நிறுவனம் தன் பொருட்டு வேறொருவர் கொடுத்த லஞ்சத்துக்கும் பொறுப்பு என்கிறது. அந்நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாயினும், இங்கே தொழில் நடத்தினால் அதற்கும் இது பொருந்தும். தண்டனை அபராதம். மேலாளர் சம்மதத்தோடு நடந்திருந்தால் அவருக்குச் சிறை. இப்படி நடவாமல் இருக்கத் தக்க ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்திருந்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பலாம்.

ஒப்பந்தத்திலும் கொக்கிகள் உண்டு. பெரிய ஒப்பந்தங்களுக்கு முன் 'நேர்மை உடன்படிக்கை' என்ற பத்திரத்தில் இருவரும் கையெழுத்திடுவது 2006 முதல் நடைமுறை. லஞ்சம் கொடேன் என்று கம்பெனியும், வாங்கேன் என்று அரசாங்கமும் எழுதித் தருகிறார்கள். (திருடமாட்டேன் என்று எழுதி வாங்குவதில் என்ன பயன் என்று நானும் முதலில் நகைத்ததுண்டு.) பயன் பணத்தில் இருக்கிறது, கூடவே வங்கி உத்தரவாதமும் வாங்குகிறார்கள். 2010-இல் பெரிய பதவியாளர்கள் பயணம் செய்வதற்கு 12 ஹெலிகாப்டர்கள் வாங்க, அகஸ்டா வெஸ்ட்லாண்டு கம்பெனியோடு ஏறத்தாழ 3,600 கோடிக்கு ஒப்பந்தம். மூன்று வந்து சேர்ந்தபின், 2013 பிப்ரவரியில் தாய்க் கம்பெனியின் தலைவரை இத்தாலியில் கைது செய்தார்கள். உடன்படிக்கை மீறப்பட்டதென்று 2014 ஜனவரி 1-ஆம் நாள் நம் அரசாங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, வங்கி உத்தரவாதங்களைப் பணமாக்கிக்கொள்ள முனைந்தது. பின்னர் இத்தாலிய நீதிமன்றம் 2018-இல் அந்தத் தலைவரை விடுதலை செய்தது. எனினும் ஜீப் விவகாரத்தில் சபையில் அறிக்கை படிப்பதோடு நின்றது. இங்கே அரசாங்கத்தின் கையில் பிடி ஒன்று இருந்தது. வேற்றுமை அவ்வளவுதான், ஆனால் பெரிய வேற்றுமை.

2016 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் எனக்கு இன்னும் பிடித்தவை. கதவைச் சாத்துவது ஒன்றே வழி என்றில்லாமல், குற்றத்துக்கேற்ப அபராதம், சிறிது காலத் தடை, நெடுங்காலத் தடை என்று படிகள் வைத்தார்கள். வகுப்பில் ஒருவன் குறும்பு செய்தால் பள்ளிக்கூடத்தையே பூட்டுவதா? ஹெலிகாப்டர் கம்பெனியின் மீதிருந்த தடையும் 2021-இல் நிபந்தனையோடு நீக்கப்பட்டது.

முதலீட்டு விதிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2001-இல் ராணுவத் தொழிலில் வெளிநாட்டார் பங்கு 26 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்டது. 2020-இல் அது, முன் அனுமதியின்றியே, 74 ஆயிற்று. நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்று கண்டால் எந்த முதலீட்டையும் ஆராயும் உரிமையை அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொண்டது. எல்லை நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அனுமதி கட்டாயம்.

இதனால் நம்மவர்களுக்கு நேரும் காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகியவை அதன் ஊர்கள். எங்கள் அருப்புக்கோட்டை அதில் இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்த ஐந்து ஊர்களிலும் லேத்துப் பட்டறைகளில் இருக்கிறார்கள். சிலர் சொந்தப் பட்டறையே வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவர்களிடம் ஒரு திருகாணியோ வளையமோ செய்யச் சொன்னால், அதனுடன் இருபது பக்கக் காகிதமும் வரும். யாருக்கும் கையூட்டுக் கொடுக்கவில்லை, கணக்கைக் கேட்டால் காட்டுவேன், இரும்பு இன்ன இடத்தில் வாங்கியது என்றெல்லாம் அதில் உறுதி கூற வேண்டும். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் படியாமல் கையெழுத்திடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். 

போபர்ஸின் வரைபடங்களைக் கொண்டு ஜபல்பூரில் உருவாக்கிய 'தனுஷ்' பீரங்கியில் முதல் ஆறு, 2019 ஏப்ரலில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், அந்தப் பீரங்கிக்கென்று ஜெர்மன் சரக்காகக் கொடுத்த பேரிங்குகள் உண்மையில் சீனச் சரக்கு என்ற புகாரின்பேரில், மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. புகார் ஒரு சிறு உருளையைப் பற்றியது. அதைக் கொடுத்ததும் நம் நாட்டு வியாபாரிதான். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணாக்கர்களுக்கு நான் சொல்லிவருவது இது: இரும்பு வாங்கிய ரசீதை ஓர் உறையிலும், சோதனைச் சான்றிதழை மற்றோர் உறையிலும் தேதி எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய வக்கீல் ஒருவரிடம் அரை நாள் உட்காருங்கள். இடையில் எவராவது வந்து, கம்பெனிக்காரர் எனக்கு வேண்டியவர், ஆர்டரை நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னால், அவர் பெயரையும் அவர் கேட்கும் தொகையையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அவர் மறுபடி வரமாட்டார்.