ஒரு திருக்கை, ஒரு குறிஞ்சி

இன்னிக்கு ஒரு மீனையும் ஒரு செடியையும் பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறோம். மீன், பெரிய மாண்டா திருக்கை. செடி, நீலக்குறிஞ்சி. ஒண்ணு கடல், இன்னொண்ணு மலை. என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா?

2018, மூணாறு. மலைச்சரிவு முழுக்க நீலம். எல்லாரும் பறிக்கிறாங்களேன்னு நானும் ஒரு கொத்து பறிச்சேன், போட்டோ எடுத்தேன், ஸ்டேட்டஸ் வச்சேன். சாயங்காலம் அது வாடிப்போய் குப்பைக்குப் போச்சு.

அடுத்த வருஷம் காசிமேடு. ஏலத்துக்கு வந்த ஒரு மாண்டாவை அறுத்தப்போ, வயித்துக்குள்ள ஒரு குட்டி. "ஒண்ணுதானா அண்ணே?"ன்னு கேட்டேன். "இதுக்கு ஒண்ணுதான் தம்பி"ன்னார்.

அப்புறம்தான் படிச்சேன். மத்தி மாதிரி ஆயிரக்கணக்குல முட்டை போடுற மீன் இல்ல இது. ஏழு மீட்டர் அகலம் வரைக்கும் வளரும், ஆனா ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. சுமக்கவே ஒரு வருஷம் ஆகும். அடுத்த குட்டிக்குச் சில வருஷம் இடைவெளி. பொறந்த பெண் குட்டி தாயாக கிட்டத்தட்ட பத்து வருஷம்.

குறிஞ்சியும் பொறுமைசாலிதான். 12 வருஷம் காத்திருந்து, மொத்தமா பூத்து, விதை போட்டுட்டுச் செத்துடும். 2006, 2018, அடுத்து 2030.

ரெண்டுமே மெதுவான வாழ்க்கைதான். ஆனா அடி விழுற இடம் வேற. மாண்டா, நீண்ட ஆயுசை நம்பியிருக்கு. அதோட செவுள் தகடுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில விலை இருக்கு. ஒரு தாய் வலையில மாட்டினா, அவ இனிமே பெறவேண்டிய குட்டிகளும் சேர்ந்து போச்சு. குறிஞ்சி நம்பியிருக்கறது ஒரே ஒரு பருவத்தை. அந்தப் பூ விதையாகலைன்னா, அந்தச் செடிக்கு ரெண்டாவது சான்ஸே கிடையாது.

அதனால பாதுகாப்பும் ஒரே மாதிரி இருக்க முடியாது. மாண்டாவுக்கு, வளர்ந்த ஒவ்வொண்ணையும் வருஷா வருஷம் உயிரோட விடணும். குறிஞ்சிக்கு, அந்தப் புல்வெளி எப்பவும் இருக்கணும், பூக்குற அந்த ஒரு பருவத்துல நம்ம கை சும்மா இருக்கணும்.

நான் பறிச்ச கொத்து பன்னிரண்டு வருஷ உழைப்பு. அன்னிக்கு எனக்கு அது தெரியல. 2030ல திரும்ப மூணாறு போவேன். பார்க்க மட்டும். நீங்களும் வாங்க, கையைப் பாக்கெட்லயே வச்சுக்கிட்டு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.