எந்தத் தசை என்பதற்கு முன்

எனக்கு மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, தலைமை நாற்காலியில் நான் உட்கார்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. தென்னேரி நண்பர்கள் விடவில்லை.

தலைப்பு, குழந்தைகளின் மாறுகண் சிகிச்சை. வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, தூரம் பார்க்கையில் கண் வெளியே ஓடுவது, 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று பாட்டி தடுப்பது எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இன்றைய நிலவரத்தைக் கட்டுரையாளர்கள் சொல்வார்கள். நான் ஒரு பழைய வழக்கைக் கிளறுகிறேன்.

வெளிமாறுகண்ணுக்கு இரு கண்ணிலும் லேட்டரல் ரெக்டஸைப் பின்தள்ளுவதா, ஒரே கண்ணில் அதைப் பின்தள்ளி மீடியல் ரெக்டஸைக் குறுக்குவதா? தூரத்திலும் கிட்டத்திலும் விலகல் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் அடிப்படை வகையில் ஒரு கண் முறைக்கு 82 சதவீதம், இரு கண் முறைக்கு 52 சதவீதம் நல்ல பலன் என்று 1998-இல் குஷ்னர் எழுதினார். 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 197 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்றாண்டு பார்த்தது. பலன் குறைந்தவர்கள் இரு கண் முறையில் 46 சதவீதம், ஒரு கண் முறையில் 37. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல. உடனே 'இரண்டும் ஒன்றுதான்' என்று தீர்ப்பெழுதிவிட்டோம். வேறுபாடு நிரூபணமாகவில்லை என்பதும் வேறுபாடே இல்லை என்பதும் ஒன்றா? முன்பு ஒரு மேடையில் இந்த எண்களைக் காட்டி என் வாயை அடைத்த மதிப்புக்குரிய நண்பர் இதோ இருக்கிறார். இன்று மைக் என்னிடம், பொறுத்துக்கொள்வார்.

அந்த ஆய்வு எடுத்தது அடிப்படை வகையை மட்டும். தூரத்தில் விலகல் அதிகம், கிட்டத்தில் குறைவு என்று தெரியும் பிள்ளையைப் பற்றி அது பேசவே இல்லை. அந்த வித்தியாசம் மெய்யா, வெறும் தோற்றமா? ஒரு கண்ணை ஒரு மணி நேரம் மூடிவைத்து, இரு கண்ணும் சேர்ந்து பார்க்க இடம் தராமல் மறுபடி கிட்டத்தில் அளந்தால்தான் தெரியும். வெளிமாறுகண்ணை வகைப்படுத்திய பர்யன் மெய், தோற்றம் என்று பிரித்ததற்கு ஆதாரமே இந்தச் சோதனை. நம் ஓ.பி.யில் எத்தனை பேர் செய்கிறோம்? தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு வந்த தாய் பஸ்ஸுக்கு மணி பார்க்கிறார். வெளியே வரிசை நீள்கிறது. ஒரு தடவை பிரிசம் வைத்து, 25 என்று சீட்டில் குறித்து, பட்டியல்படி இரு கண்ணிலும் ஆறு மில்லிமீட்டர் என்று முடித்துவிடுகிறோம். வகையே தெரியாமல் முறைகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரு கண் கட்சிக்காரனான நான் என் கட்சியையும் குட்டியாக வேண்டும். அறுவை செய்த பக்கம் திரும்பிப் பார்க்கையில் சிலருக்கு இரட்டையாகத் தெரிகிறது. கோர்வைத் தறியில் உட்காரப்போகிற பிள்ளைக்குக் கண் இரு கரைக்கும் ஓட வேண்டும். நேர்ப்பார்வையை மட்டும் அளந்து வெற்றி என்று எழுதினால் போதாது.

ஆகவே கட்டுரை வாசிப்பவர்களிடம் இரண்டு கேட்பேன்: கண்ணை மூடிவைத்த பின் எடுத்த அளவு, பக்கப்பார்வையில் எடுத்த அளவு. இல்லையென்றால் கேள்வி நேரத்தை நானே எடுத்துக்கொள்வேன். முதல் கட்டுரையாளர் வரலாம்.